மலை ஓடையை மாதாமாதம் சுத்தம் செய்வதால் பயன் உண்டா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே, மலைச்சாலையை ஒட்டி இறங்கும் ஓர் ஓடையை நீங்களும் நண்பர்களுமாகப் பன்னிரண்டு பேர் மூன்று ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் சாக்குச் சாக்காக அள்ளினீர்கள். நான்காவது தடவை போனால் பழையபடியே கிடந்தது. ஊரில் ஒருவர், "ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துறீங்க" என்று சொல்லிவிட்டார். கடற்கரையில் செய்கிற மாதிரி இங்கேயும் முறையாகச் செய்ய வழி இருக்கிறதா, இல்லை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி குப்பை அள்ளுவதைப் பற்றியதுதான். ஆனால் அதற்குள் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: நாம் செய்வது பலிக்கிறதா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

நான் கடல் உயிரியல் படித்தவன். ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், கீழக்கரைப் பக்கம் சில வருடம் கரையொதுங்கும் குப்பையை எண்ணும் வேலை பார்த்தேன். அப்புறம் குடும்பக் காரணங்களால் கொடைக்கானலுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இங்கேயும் ஒரு சிறு குழுவோடு ஓடைகளில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அள்ளுவதை மட்டும் செய்தால் ஊர்க்காரர் சொன்னது சரிதான். அள்ளுவதை எண்ணவும் ஆரம்பித்தால், கடற்கரையில் கிடைக்காத ஒரு வசதி மலையில் உங்களுக்குக் கிடைக்கும்.

அது என்ன வசதி என்றால், மலை ஓடையில் கிடக்கும் குப்பைக்கு விலாசம் உண்டு. கடற்கரையில் அப்படி இல்லை. மண்டபத்துக் கரையில் சிங்கள எழுத்துப் போட்ட தண்ணீர் பாட்டில் எடுத்திருக்கிறேன், எங்கே அறுந்தது என்றே தெரியாத நைலான் வலைத் துண்டுகளை மணலுக்குள்ளிருந்து உருவியிருக்கிறேன். காற்று திரும்பினால் குப்பையின் வகையே மாறிவிடும். எவ்வளவு எண்ணினாலும் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. மலையில் தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும். உங்கள் ஓடையில் கிடப்பது அத்தனையும் அதற்கு மேலே உள்ள ஒரு சாலை வளைவிலிருந்தோ, கடையிலிருந்தோ, ஒரு தெருவின் சாக்கடையிலிருந்தோதான் வந்திருக்க வேண்டும். சந்தேகப்பட வேண்டிய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதற்கு ஒரு உதாரணம். மலைச்சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே ஒரு பள்ளம். அங்கே மட்டும் முடிச்சுப் போட்ட சின்னச் சின்ன கேரி பேக் நிறையக் கிடக்கும், கூடவே கடித்துத் துப்பிய எலுமிச்சைத் தோல். முதல் இரண்டு மாதம் நாங்கள் அதைச் 'சாப்பாட்டுக் கழிவு' என்று எழுதிக்கொண்டோம். மூன்றாவது மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த, வேன் ஓட்டும் தம்பி ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இது வாந்திப் பை. அடிவாரத்துல ஏறினவங்களுக்கு இந்த வளைவு வரும்போதுதான் குமட்டும். ஜன்னலைத் திறந்து வீசிடுவாங்க." அதற்குப் பிறகு மேலும் கீழும் இருந்த நான்கு வளைவுகளில் தனித்தனியாக எண்ணிப் பார்த்தோம். அவர் சொன்னது அப்படியே பொருந்தியது. அந்தப் பை அந்த வளைவுக்குக் கீழே வண்டி நிற்கும் ஒரு கடையில் கொடுக்கப்படுவது. கேரி பேக், தெர்மாகோல் கப், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் எல்லாம் சேர்த்து 14 வகைப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதைச் சொல்லிக் கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கலாம். நாங்கள் போடவில்லை. வாந்தி வருகிறவருக்கு ஏதோ ஒரு பை வேண்டும் அல்லவா? தடித்த காகிதப் பை கொடுங்கள், வளைவு தாண்டி அடுத்த நிறுத்தத்தில் ஒரு தொட்டி வைக்கிறோம் என்று பேசினோம். அவர் ஒத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று மாதம் அந்தப் பள்ளத்தில் பைகள் குறைந்தன. இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் சீசன் இல்லாத மாதம். பை குறைந்தது உறுதி, நான் எண்ணினேன். நாங்கள் பேசியதால்தான் குறைந்தது என்பது உறுதியில்லை. அடுத்த ஏப்ரல், மே எண்ணிக்கையை அதற்கு முந்தைய ஏப்ரல், மேயோடு ஒப்பிட்டபோதுதான் கொஞ்சம் தைரியமாகச் சொல்ல முடிந்தது. அதனால்தான் ஒரு வருடமாவது எண்ணாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்கிறேன். மலையில் சீசன் என்ற ஒன்று எல்லாக் கணக்கையும் குழப்பும்.

சரி, எப்படி எண்ணுவது? கடற்கரைக்காரர்கள் இதில் நமக்கு முன்னோடிகள். இன்று செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கிற கடற்கரைத் தூய்மை நாள் 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கியது. முதல் வருடத்திலேயே வந்தவர்கள் கையில் சாக்கோடு ஓர் அட்டையும் கொடுத்து, எடுத்ததை எல்லாம் வகைவாரியாகக் குறிக்கச் சொன்னார்கள். அந்த அட்டைதான் முக்கியம். ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரை நாடுகள் ஆஸ்பார் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் 100 மீட்டர் கரையைக் குறித்துக்கொண்டு வருடத்துக்கு நான்கு முறை அதே 100 மீட்டரையே எண்ணுகின்றன. அமெரிக்கக் கடல்சார் துறையின் முறையிலும் அதே 100 மீட்டர்தான். அங்கே இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைவான துண்டுகளை எண்ணுவதில்லை. ஒரு பாட்டில் மூடி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு மணல் கரைக்குப் போட்டது. மலை ஓடையில் 100 மீட்டர் என்பது பாறையில் ஏறி இறங்கி அரை நாள் வேலை. நாங்கள் 30 மீட்டராகச் சுருக்கிக்கொண்டோம், ஆனால் மூன்று இடத்தில்.

மூன்று இடம் ஏன் என்றால், விலாசம் கண்டுபிடிக்க. ஒன்று சாலைக்கும் வீடுகளுக்கும் மேலே, சோலையிலிருந்து ஓடை வெளிவரும் இடம். இரண்டாவது சாலைப் பாலத்துக்குக் கீழே. மூன்றாவது குடியிருப்பின் சாக்கடை வந்து சேருவதற்குக் கீழே. முதல் இடத்தில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. அந்தப் பூஜ்யத்தையும் எழுதுங்கள். பூஜ்யம் எழுதாத நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள். எல்லையைப் பாறையில் பெயின்ட் அடித்துக் குறிக்காதீர்கள். 'வளைந்த நாவல் மரத்திலிருந்து யானை முதுகுப் பாறை வரை' என்று எழுதி ஒரு படமும் எடுத்து வைத்தால் போதும்.

முதல் தடவை அந்த 30 மீட்டரையும் முழுக்கத் துடைத்தெடுங்கள். அதில் பத்து வருடக் குப்பை இருக்கும், அந்த எண்ணிக்கைக்குப் பெரிய மதிப்பில்லை. அடுத்த தடவை போகும்போது கிடப்பதுதான் புதிதாக வந்தது. அதை இடையில் கழிந்த நாள்களால் வகுத்தால் நாளுக்கு எத்தனை என்று வரும். 28 நாளில் 140 உருப்படி என்றால் நாளுக்கு ஐந்து. நீங்கள் மாதாமாதம் பார்க்க வேண்டியது இந்த ஒரு எண்ணைத்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை அள்ளியும் பழையபடி கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையிலேயே பழையபடியா, பாதியா? நோட்டு இல்லாதபோது கண் எப்போதும் 'பழையபடி' என்றுதான் சொல்லும்.

வகைப் பட்டியலை இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். கடற்கரைப் பட்டியலில் வலை, மிதவை, தூண்டில் நரம்பு என்று நமக்கு வேண்டாதது பாதி இருக்கும். வாந்திப் பை இருக்காது. உங்கள் ஓடையில் கிடப்பதைப் பார்த்து நீங்களே பத்து, பன்னிரண்டு வகை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் பெட் பாட்டில், மூடி, பேப்பர் கப், நூடுல்ஸ் கப், பிஸ்கட்-சிப்ஸ் கவர், பாக்குப் பொட்டலம், ஷாம்பு சாஷே, மதுப் பாட்டில், உடைந்த கண்ணாடி, டயபரும் நாப்கினும், பூச்சிமருந்து டப்பா, இதர என்று இருக்கிறது. 'இதர' பெருத்துக்கொண்டே போனால் பட்டியல் சரியில்லை என்று அர்த்தம். எடையையும் குறிக்கலாம், தொங்கு தராசு ஒன்று போதும். ஆனால் எடையை நம்பி மட்டும் பேசாதீர்கள். நனைந்த டயபர் ஒன்று ஐம்பது சிப்ஸ் கவரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அள்ளிய எடையைச் சொல்லிப் பெருமைப்படுகிற செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் அதில் எத்தனை கிலோ சேறு என்று யோசிப்பேன்.

கவரில் அச்சடித்த தேதி ஆசை காட்டும். பேக்கிங் தேதி போன மாதம் என்றால் அது போன மாதத்துக்கு முன் விழுந்திருக்க முடியாது, அவ்வளவு உறுதி. ஆனால் இரண்டு வருடம் பழைய தேதி போட்ட கவர் நேற்றுக்கூட விழுந்திருக்கலாம். கடை அலமாரியில் இருந்திருக்கும், யாராவது வீட்டை ஒழித்துக் கொட்டியிருப்பார்கள். அதே மாதிரி கம்பெனிப் பெயரை எண்ணுவதும் பயனுள்ளதுதான், தயாரிப்பாளரிடம் பொறுப்பைக் கேட்க அது உதவும். உங்கள் ஓடையைப் பொறுத்தவரை கம்பெனியைவிடக் கடையும் வளைவும்தான் சீக்கிரம் பலன் தரும்.

ஒவ்வொரு தடவையும் முந்தைய வாரம் மழை எப்படி என்று ஒரு வரி எழுதாமல் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மழைக்கு மறுநாள் போனால் ஓடை பளிச்சென்று இருக்கும். யாரும் திருந்திவிடவில்லை. குப்பை கீழே போய்விட்டது, அவ்வளவுதான். பாம்பாற்றின் தண்ணீர் வட்டக்கானல் பக்கமாக இறங்கிக் கும்பக்கரையில் விழுகிறது. கொடைக்கானலில் மழை என்றால் பெரியகுளத்துக்காரர்களுக்குக் கும்பக்கரையில் குளிக்கத் தடை. தண்ணீர் போகும் வழியில்தான் சிப்ஸ் கவரும் போகும். 'நாம் எடுக்காவிட்டால் எல்லாம் கடலுக்குப் போய்விடும்' என்று சொல்வார்களே, அதை நம் மலைக்குக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். பழனி மலையின் தெற்குச் சரிவுத் தண்ணீர் வைகைக்கும், பழனிப் பக்கம் இறங்குவது சண்முகநதி, அமராவதி வழியாகக் காவிரிக்கும் போகிறது. வைகை கடலைத் தொடுவதே அபூர்வம். அணையிலும் வாய்க்காலிலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயிலும் முடிந்துவிடும். அப்படியென்றால் நம் குப்பையில் நிறைய கடல் வரைக்கும் போகாமல் அணையிலும் கண்மாயிலும் வயலிலும் தங்கும். எது எவ்வளவு எங்கே தங்குகிறது என்பதை உங்கள் 30 மீட்டர் எண்ணிக்கை சொல்லாது. மேடையில் பேசும்போது ஆமையையும் திமிங்கிலத்தையும் இழுக்காமல், பெரியகுளத்து வாய்க்காலைச் சொல்லுங்கள். கேட்பவருக்கு உறைக்கும்.

அள்ளிய பிறகு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நாங்கள் முதல் வருடம் அடித்த கூத்தைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை முப்பது பேர் சேர்ந்து நாற்பது சாக்கு நிரப்பிச் சாலையோரம் அடுக்கினோம், போட்டோ எடுத்தோம், டீ குடித்தோம், வீட்டுக்குப் போனோம். திங்கட்கிழமை வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். வரவில்லை. அன்று ராத்திரியே குரங்கும் காட்டுப்பன்றியும் வேலையைக் காட்டியிருந்தன. மறுநாள் ஒரு காட்டுமாடு கிழிந்த சாக்கில் மூஞ்சியை விட்டு மெதுவாக மென்றுகொண்டு நின்றதை நானே பார்த்தேன். வாயோரம் ஒரு மஞ்சள் கவர் தொங்கியது. புதன்கிழமை மழை. பாதிக் குப்பை மறுபடியும் ஓடைக்கே போய்விட்டது. பாறை இடுக்கில் ஒளிந்து கிடந்ததை நாங்கள்தான் தேடி எடுத்து, மாட்டுக்கு எட்டும் இடத்தில் பரிமாறியிருந்தோம். அதிலிருந்து ஒரு விதி: வண்டி வந்து நின்ற பிறகுதான் முதல் சாக்கைத் திறப்போம். வண்டிக்கு எவ்வளவு கொள்ளுமோ அதற்கு மேல் எடுப்பதில்லை.

வண்டி எங்கே போகிறது என்றும் பாருங்கள். ஒரு சரிவில் எடுத்ததை இன்னொரு சரிவில் உள்ள கிடங்கில் கொட்டினால், இடம் மாற்றியதுதான் மிச்சம். பெட் பாட்டில், தடித்த பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் இவற்றைக் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். கழுவிக் கொடுத்தால் காசும் தருவார். சிப்ஸ் கவர் மாதிரி உள்ளே வெள்ளியாய் மின்னும் பல அடுக்குக் கவர்களை யாரும் வாங்க மாட்டார்கள். அவை சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகும், அதுவும் உலர்ந்து, பிரித்துக் கட்டிக் கொடுத்தால்தான். ஓடையில் ஊறிய கவரைக் காயவைக்கக் கொடைக்கானல் குளிரில் இடம் தேடுவது பெரிய பாடு. நகராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் முதலிலேயே போய் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பொருளுக்கு எங்கே வழி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நாம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் செய்வதைத் தினமும் செய்கிறவர்கள் அவர்கள். அவர்கள் வேலையை இரட்டிப்பாக்கிவிட்டு நாம் கைதட்டு வாங்கக் கூடாது.

எதைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊசி, மருத்துவக் கழிவு கிடந்தால் இடத்தைக் குறித்துச் சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லுங்கள். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கீழே என்றால் பூச்சிமருந்து டப்பா கிடைக்கும். லேபிளில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அதுதான் கொடிய ரகம். திறக்காதீர்கள், முகராதீர்கள், மற்ற குப்பையோடு கலக்காதீர்கள். சரிவில் வேரோடு பின்னிப் பாதி மண்ணாகிப்போன பழைய பிளாஸ்டிக்கை இழுத்துப் பிடுங்காதீர்கள். அதோடு மண்ணும் வரும், அடுத்த மழையில் அங்கே ஒரு அரிப்பு தொடங்கும். வெளியே தெரிவதை வெட்டி எடுத்தால் போதும். இலை, சுள்ளி, ஓடையில் விழுந்து கிடக்கும் மரம் இவற்றைச் 'சுத்தம்' என்ற பெயரில் அகற்றாதீர்கள். கடற்கரையிலும் இதே தப்பைச் செய்வார்கள், ஒதுங்கிய கடற்பாசியை வழித்து எடுத்துவிட்டு அதில் மேய வந்த பறவையைக் காணோம் என்பார்கள். மனிதன் செய்த பொருளை மட்டும் எடுங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. காட்சிமுனைக் கைப்பிடிக்கு வெளியே யாரும் இறங்க வேண்டாம். கயிறு தெரியும் என்று சொல்கிற நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார், அவரையும் அனுப்ப வேண்டாம். அந்தச் சரிவு தீயணைப்பு மீட்புத் துறை மாதிரிப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. மேலே இருட்டிக்கொண்டு வந்தால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் ஓடையை விட்டு ஏறிவிடுங்கள். காட்டுமாடு காலையிலும் மாலையிலும்தான் அதிகம் நடமாடும், அதனால் ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடியுங்கள். காலில் புண் இருப்பவர் தண்ணீரில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் வரலாம். பிளாஸ்டிக் தாளைத் தூக்குமுன் குச்சியால் தட்டுங்கள், அடியில் விரியன் சுருண்டிருக்கலாம். அட்டை கடிப்பதை நான் ஆபத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அனுமதி விஷயம்: 2013-ல் இந்த மலையின் பெரும்பகுதிக் காடு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. உங்கள் ஓடை அதற்குள் வந்தால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், நல்ல காரியத்துக்கே என்றாலும். சரக அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டால் சொல்வார்கள். பல சமயம் கூடவே ஒரு வனக்காவலரையும் அனுப்புவார்கள், அது நமக்கும் நல்லது.

குப்பை எண்ணுவதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், செலவே இல்லாதது. ஓடையில் வேகமாகத் தண்ணீர் ஓடும் இடத்தில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை மெதுவாகத் தூக்கிப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, பின்னால் மூன்று மெல்லிய வால் இழையோடு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நழுவும் பூச்சி இருந்தால் அது மேஃப்ளையின் இளம்பருவம். மணல் பொடிகளை ஒட்டிக் கட்டிய சின்னக் குழாய் ஒன்று கல்லில் ஒட்டியிருந்தால் உள்ளே கேடிஸ்ஃப்ளைப் புழு குடியிருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில்தான் பிழைக்கும். குடியிருப்புக்குக் கீழே அதே மாதிரிக் கல்லைப் புரட்டினால் அவை காணாமல்போய், சேற்றில் சிவப்பு நூல் மாதிரி நெளியும் புழு மட்டும் இருக்கும். சாக்கடை கலந்து ஆக்சிஜன் குறைந்த தண்ணீரையும் தாங்குகிற ஜீவன் அது. ஒவ்வொரு இடத்திலும் பத்துக் கல் புரட்டி, எத்தனை கல்லில் எது இருந்தது என்று எழுதுங்கள், பிறகு கல்லை இருந்தபடியே வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்தால் குப்பையை விட்டுவிட்டு இதைத்தான் செய்வார்கள். செய்யட்டும்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. இந்த ஊரில் அதை மறக்கவே கூடாது. இங்கே இருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. அதன் பாதரசக் கழிவில் 290 டன் வரை 2003-ல் கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆலைக்குப் பின்னால் சரிவு இறங்குவது பாம்பார் சோலைக்கு. பாதரசம் சாக்கில் சிக்காது, கல்லைப் புரட்டினாலும் தெரியாது. ஆய்வகத்தில் வண்டலையும் மீனையும் சோதித்தால்தான் தெரியும். ஆகவே உங்கள் நோட்டை வைத்து 'இந்த ஓடையில் குப்பை குறைந்திருக்கிறது' என்று சொல்லலாம், 'இந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர்' என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். யாராவது அதை நம்பிக் குடித்துவிடுவார்கள்.

சுத்தமாக இருக்கும் இடத்தில் ஜனங்கள் குப்பை போட யோசிப்பார்களா? நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் ஒரு சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்கள். ஒரு சந்தில் நிறுத்திய சைக்கிள்களில் நோட்டீஸ் மாட்டிவிட்டார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது அதைக் கீழே போட்டவர்கள் 33 சதவீதம், சுவரில் கிறுக்கியிருந்தபோது 69 சதவீதம். இதை வைத்து நிறையப் பேர் நிறையப் பேசிவிட்டார்கள். அது சந்தில் நின்று சுவரைப் பார்த்தவர்களின் கதை. ஓடும் வண்டியின் ஜன்னலிலிருந்து வீசுகிறவர் கீழே பள்ளம் சுத்தமாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை. நடந்துபோகும் பாதையோரத்திலும் காட்சிமுனையிலும் பலிக்கலாம். சாலை வளைவில் பலிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே விலையும் விதியும்தான் பேசும். நீலகிரியைப் பாருங்கள். 2022 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தருவது என்று ஆரம்பித்தார்கள். காட்டில் உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்பதுதான் அதன் தொடக்கம். பத்து ரூபாய்க்காகக் குடித்தவரே பாட்டிலைக் கொண்டுபோகிறார். அவர் போகாவிட்டால் வேறு ஒருவர் பொறுக்கிக்கொண்டு போகிறார். ஆயிரம் ஞாயிற்றுக்கிழமை அள்ளினாலும் இது நடக்காது. நம் ஊரிலும் 2024-ல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி வந்தது. இவற்றால் உங்கள் ஓடையில் என்ன மாறியது என்று கேட்டால் பதில் சொல்ல அதற்கு முந்தைய வருட நோட்டு வேண்டும். உங்களிடம் இல்லை. அடுத்த உத்தரவு வரும்போதாவது இருக்கட்டும்.

நோட்டை யாரிடம் காட்டுவது என்றால், உங்கள் ஓடை கிராம ஊராட்சிக்குள் வந்தால் கிராம சபைதான் நல்ல இடம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எப்படியும் கூடும். 'ஓடை அசுத்தமாக இருக்கிறது' என்று எழுந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். 'பாலத்துக்கு மேலே பூஜ்யம், பாலத்துக்குக் கீழே நாளுக்கு ஐந்து, அதில் மூன்று பேப்பர் கப், பாலத்தருகே டீக்கடை இரண்டு' என்று சொன்னால் டீக்கடைக்காரரே எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவரை அசிங்கப்படுத்துவது நோக்கம் இல்லை, அதனால் சபைக்கு முன்பே ஒரு தடவை அவர் கடையில் டீ குடித்துவிட்டு நோட்டைக் காட்டிவிடுங்கள். பாதி விவகாரம் அங்கேயே முடிந்துவிடும், கண்ணாடி கிளாஸில் டீ வரும்.

கடைசியாக, பன்னிரண்டு பேர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். எண்ணுவதற்கு நான்கு பேர் தாராளம். ஒருவர் எழுத, இருவர் எடுக்க, ஒருவர் மேலே சாலையில் நின்று மழையையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள. மூன்று குழுவாகப் பிரிந்து மாதத்துக்கு ஒரு குழு போனால் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் நான்கு நாள்தான் வேலை, சலிப்பு வராது. எழுதுகிறவர் மட்டும் ஒரே ஆளாக இருக்கட்டும். ஆள் மாறினால் ஒருவர் கப்பையும் மூடியையும் தனித்தனியாக எண்ணுவார், இன்னொருவர் ஒன்றாக எண்ணுவார், வருடக் கடைசியில் தலையும் வாலும் புரியாது. பேனா வேண்டாம், நனைந்தால் மசி ஓடிவிடும். பென்சில் கொண்டுபோங்கள், இரண்டு. ஒன்று கட்டாயம் ஓடையில் விழும். விழுந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.